டீ வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்

எங்கள் பிராக்ஷா நகராட்சியில் இப்போது உதவி தேவைப்படுகிறவர் என்று ஒருவரும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்பு வரை தெருவுக்குத் தெரு இருந்தார்கள். கால் வராதவர்கள், கை நடுங்குகிறவர்கள், அடுப்பை மூட்டிவிட்டு மறந்து அக்கம்பக்கத்தைக் கதிகலங்க வைக்கிறவர்கள் என்று பராமரிப்புத் துறையின் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். பிறகு பயிற்சி வந்தது. வட இங்கிலாந்தில் எங்கள் அளவுக்கு ஆரோக்கியமான ஊர் வேறு இல்லை என்று போன வருஷம் எங்களுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அந்தத் துறையில் குறிப்பெடுப்பது என் வேலை. கூட்டம், பயிற்சி, வீட்டுச் சந்திப்பு, எது நடந்தாலும் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. மற்றவர்கள் பேசுவதை எழுத வேண்டும், நான் பேசக் கூடாது. இத்தனை வருஷத்தில் மேலதிகாரி யாரும் என் பெயரைக் கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பெயர் தெரிந்தவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

நோரீன் பர்ட்டில்ஸ் எனக்கு எதிர் மேஜை. ஐம்பதைத் தாண்டிய சமூகப் பணியாளர். சிரித்தால் கீழ்மாடியில் இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அவருக்கு சீனியர் ஆகும் ஆசையெல்லாம் கிடையாது. எல்லாம் சிரில் ஹேக்கிங்கால் வந்தது.

சிரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது, வலது கால் பாதி போய்விட்டது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. காலையில் ஒரு பணிப்பெண் வந்து குளிப்பாட்டி உடை மாட்டிவிடுவாள். மாலையில் வந்து சாப்பாடு கொடுத்துப் படுக்க வைப்பாள். அந்த இரண்டு வேளை உதவியில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறுபரிசீலனை செய்யப் போவதாக மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் துறையில் சீனியர் கையெழுத்து இல்லாமல் ஒரு கிழவருக்கு சாக்ஸ் மாட்டிவிடக்கூட ஆள் அனுப்ப முடியாது.

"எத்தனை நாளைக்கு இவங்க காலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கறது?" என்றார் நோரீன் என்னிடம். "நானே சீனியர் ஆயிட்டா, நானே கையெழுத்துப் போட்டுடுவேன்ல? சிரிலை எவன் தொடறான்னு பாக்கறேன்."

சீனியர் ஆக ஒரு பயிற்சி உண்டு; அதற்குப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயிற்சி என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

பயிற்சி நான்காவது மாடியில் நடந்தது. வட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு கூடையில் கூழாங்கற்கள். பேசுகிறவர் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். முதலில் கல்லை எடுத்தவர் துறைத் தலைவி பிலிப்பா. மெலிந்த, மென்மையான பெண்மணி. யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்து "ம்ம்ம்" என்பார். அந்த "ம்ம்ம்" வந்தால் எதிரில் இருப்பவர் எதையோ இழக்கப் போகிறார் என்று பொருள்.

"'தேவை'ங்கிற வார்த்தையை வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க" என்று ஆரம்பித்தார். "நாம யாருக்கும் உதவி செய்யறதில்ல. உதவி செய்யறதுங்கறது ஒரு மனுஷனை அவமானப்படுத்தறது. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு பலம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடிச்சதும் நன்றி சொல்லிட்டு வெளிய வந்துடறோம். திரும்பப் போறதில்ல."

நோரீன் கையைத் தூக்கினார். கூழாங்கல்லைக் கையில் கொடுத்தார்கள். "படுத்த படுக்கையா இருக்கறவங்க?"

"ஒரே இடத்துல நிலையா இருக்கற பலம்."

"பேச்சே வராதவங்க?"

"நல்லாக் கேக்கத் தெரிஞ்சவங்க."

பக்கத்தில் இருந்த ஷப்பீர், நோரீனுடன் பயிற்சியில் சேர்ந்த இன்னொரு பணியாளர், கல்லை வாங்கினார். வேடிக்கையாகத்தான் கேட்டார். "செத்துப் போனவங்க மேடம்?"

பிலிப்பா சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்தார். "முழு சுதந்திரம் அடைஞ்சவங்க. அவங்களை நாம வெற்றிக் கணக்குல சேர்க்கறோம்." பிறகு என் பக்கம் விரலைக் காட்டி, "எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் டீ பாடம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு மேஜை, ஒரு கெட்டில், கோப்பைகள், ஒரு தட்டு நிறைய பிஸ்கட்.

"ஒரு வீட்டுக்குள்ள நுழையறீங்க. அவங்க முதல்ல என்ன கேப்பாங்க?"

"டீ போடட்டுமான்னு" என்றார்கள் எல்லோரும். எங்கள் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இருக்கட்டும், சிரமப்படாதீங்கன்னு சொல்வேன்" என்றார் நோரீன்.

பிலிப்பா வலி வந்தவர் போலக் கண்ணை மூடித் திறந்தார். "டீ வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. ஏன்னு யோசிங்க. அவங்க எழுந்திரிக்கறாங்க. நடக்கறாங்க. தண்ணி பிடிக்கறாங்க. கொதிக்கறதைத் தூக்கறாங்க. உங்களுக்கு எத்தனை சர்க்கரைன்னு ஞாபகம் வெச்சுக்கறாங்க. ஒரு கப் டீக்குள்ள ஒரு மனுஷனோட மொத்த பலமும் அடங்கிடுது. நீங்க அந்த டீயைக் குடிச்சு முடிக்கறப்ப, அவங்க கேஸும் முடிஞ்சிருக்கணும்."

ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"நாம அதிர்ஷ்டசாலிங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார் பிலிப்பா. "நம்ம ஜனங்க நல்ல ஜனங்க. சாகக் கிடக்கறப்பகூட வந்தவங்களுக்கு ஒரு டீ போட்டுட்டுத்தான் சாவாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. நம்ம துறை மொத்தமும் அது மேலதான் நிக்குது."

செய்முறைத் தேர்வு ரமலான் மாதத்தில் வந்தது. ஷப்பீர் நோன்பு. கிழவியாக நடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் நீட்டிய டீயை மரியாதையாக மறுத்துவிட்டார். 'உறவு ஏற்படுத்திக்கொள்வதில் தயக்கம்' என்று எழுதி அவரைத் தோல்வியில் போட்டார்கள். மறு வாரமே பூங்கா பராமரிப்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், "அங்க எல்லாம் மரம்தான். எந்த மரமும் எழுந்து டீ போடாது" என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

நோரீன் பாஸ் செய்தார். பாஸ் செய்யச் செய்ய அவருடைய சிரிப்பு குறைந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் கேன்டீனில், சூப் ஆறிப்போயிருக்கிறது என்று அலுத்துக்கொண்டேன். நோரீன் தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்து, "ம்ம்ம். ஆறிப்போனா நாக்கு சுடாதுல்ல?" என்றார். நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அவரும் சட்டென்று நிமிர்ந்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"சுளுக்கு" என்றார்.

கடைசிக் கட்டம் நேரடிச் சோதனை. பயிற்சி பெறுகிறவர் தன் கேஸ் ஒன்றை பிலிப்பாவின் முன்னால் மறுபரிசீலனை செய்து காட்ட வேண்டும். எந்த கேஸ் என்று பிலிப்பா தேர்ந்தெடுப்பார். சிரிலைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று சாயங்காலமே நோரீன் என் காரில் ஏறி உட்கார்ந்தார். "விடு, சிரில் வீட்டுக்கு. ஒத்திகை பாக்கணும்."

சிரில் கதவைத் திறக்கவே வெகு நேரமாயிற்று. உள்ளே போனதும், "உட்காருங்க, கெட்டிலைப் போடறேன்" என்றார்.

"போடாதீங்க!" என்று கத்தினார் நோரீன். "சிரில், இங்க பாருங்க. நாளன்னிக்கு ஒரு அம்மா வருவாங்க. டீ போடக் கூடாது. எழுந்திரிக்கவே கூடாது. இப்ப நான் கேக்கறேன், பதில் சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் கண்ணு. குறை ஒண்ணும் இல்ல."

"தப்பு! போன வாரம் கட்டில்ல இருந்து விழுந்தீங்களா, இல்லையா?"

"விழுந்தேன். அதைப் போய் வந்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டு? அவங்களுக்கு வீட்டுல என்ன கஷ்டமோ, பாவம்."

"அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கையில என்ன கட்டு?"

சிரில் இடது கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கேஸ் மீட்டர் பாக்க ஒரு ஆள் வந்தான். மழையில நனைஞ்சுட்டு வந்தான். சும்மா எப்படி அனுப்பறது?"

"ஒரே கையால கொதிக்கற தண்ணியை ஊத்தினீங்களா?"

"ஊத்தாம? ஒருத்தன் தொண்டை நனையாம என் வீட்டை விட்டுப் போனா, ஊர்ல என்ன பேசுவாங்க?"

"உங்களைப் பத்திப் பேச ஊர்ல யார் இருக்கா சிரில்?"

"அதுக்காக?" என்றார் சிரில். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

நோரீன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை மெல்லச் சாய்ந்தது. "ம்ம்ம். அப்ப உங்களால ஒரு கையாலயே..." என்று ஆரம்பித்தவர், வாயைப் பொத்திக்கொண்டார். வீடு திரும்பும் வரை காரில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

சோதனை நாளும் வந்தது. சிரில் நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிலிப்பா எதிரில், நோரீன் பக்கத்தில், நான் மூலையில்.

"எப்படி இருக்கீங்க சிரில்?"

சிரில் நோரீனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி, முகமெல்லாம் சிவக்கச் சொன்னார். "ரொம்ப மோசமா இருக்கேன். சட்டை போட முடியல. அடிக்கடி விழறேன். தனியா இருக்கப் பயமா இருக்கு." கடைசி வார்த்தையில் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. வெளியாள் முன்னால் இப்படிப் புலம்பியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நோரீன் பிலிப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அற்புதம்" என்றார் பிலிப்பா. "கேட்டீங்களா நோரீன்? தன் நிலைமையைத் தானே புரிஞ்சுக்கிட்டு, தடுமாறாம, தனக்காகத் தானே பேசறாரு. இவ்வளவு தெளிவான குரல் இருக்கறவருக்கு நம்ம ஆள் எதுக்கு? எழுதிக்கோங்க."

சிரிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புலம்பித் தொலைத்துவிட்டோமே என்ற கூச்சம் மட்டும் இருந்தது. "மன்னிச்சுக்கோங்கம்மா, என்னமோ உளறிட்டேன். இருங்க, ஒரு டீயாவது..." என்று சுவரைப் பிடித்து எழுந்தார்.

நோரீனும் பாதி எழுந்துவிட்டார். பிலிப்பா அவர் முழங்கையில் ஒரு விரலை வைத்தார். அவ்வளவுதான். நோரீன் உட்கார்ந்தார். சமையலறையில் கெட்டில் உறுமியது. ஏதோ விழுந்தது. சிரில் அடங்கிய குரலில் ஏதோ முனகினார். பிறகு ஒவ்வொரு கோப்பையாக, காலை இழுத்து இழுத்து, எங்களுக்குக் கொண்டுவந்து வைத்தார். பாதி சாஸரில் இருந்தது. கட்டு நனைந்திருந்தது.

பிலிப்பா நிதானமாகக் குடித்தார். "கடைசியா ஒரே ஒரு கேள்வி சிரில். உங்க மேல உயிரா இருக்கறவங்க யாரு?"

சிரிலுக்கு முகம் மலர்ந்தது. இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. உண்மையைச் சொன்னார். "இதோ, நம்ம நோரீன்தான். இவ இல்லன்னா நான் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

பிலிப்பாவின் தலை சாய்ந்தது. அவ்வளவு சாய்ந்து நான் பார்த்ததில்லை. "ம்ம்ம்" என்றார். "எழுதிக்கோங்க. இயற்கையாக அமைந்த துணை: நோரீன் பர்ட்டில்ஸ்."

நோரீனுக்கு எலுமிச்சை கேக் வெட்டி, கூழாங்கல் ஒன்றைப் பரிசளித்து, சீனியர் ஆக்கினார்கள். கேக்கின் வாசனை போகுமுன் அவர் முதல் காரியமாக சிரிலின் காகிதத்தைக் கேட்டார். இரண்டு வேளை உதவி தொடர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனார்.

"அது மட்டும் முடியாதே" என்றார் பிலிப்பா பரிவோடு. "ஊர்ல யாருக்கு வேணும்னாலும் நீங்க போடலாம். சிரிலுக்குத்தான் நீங்களே துணையா இருக்கீங்களே. சொந்தத் துணை கையெழுத்துப் போடக் கூடாதுன்னு விதி இருக்கு. நாங்க ஏற்கெனவே முடிச்சிட்டோம். பணிப்பெண்ணை நிறுத்தியாச்சு."

"அப்ப அவருக்கு யார் செய்வா?"

"நீங்கதான்" என்றார் பிலிப்பா. "அதுதானே அழகு."

அப்படியாக நோரீன் விடியற்காலையில் சிரிலைக் குளிப்பாட்டிவிட்டு அலுவலகம் வந்தார். சாயங்காலம் போய்ச் சோறூட்டிப் படுக்க வைத்தார். நடுவில் மற்றவர்களுக்கு சீனியராக இருந்தார். பிலிப்பா எல்லாக் கூட்டத்திலும் அவரை உதாரணம் காட்டினார். நோரீனின் கன்னம் ஒட்டியது. அடுத்த பயிற்சியில் புதியவர்களுக்கு டீ பாடம் எடுக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். மூலையில் உட்கார்ந்து நான் எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை பிலிப்பா சொன்னதையே சொன்னார். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் ஒரு காலை, வழுக்கி விழப்போன சிரிலைத் தாங்கிப் பிடித்ததில் நோரீனின் முதுகு பிடித்துக்கொண்டது. சிரிலை எப்படியோ கட்டிலில் சேர்த்துவிட்டு, பாதி தவழ்ந்து வீடு போய்ச் சேர்ந்தார். என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பழைய நோரீனின் குரல்.

"விதியைப் பாத்துட்டேன். துணையா இருக்கறவங்க 'என்னால முடியல'ன்னு நேர்ல சொல்லிட்டா போதும். அன்னிக்கு சாயங்காலமே பணிப்பெண்ணைத் திரும்ப அனுப்பணும். நாளைக்கு பிலிப்பா என்னைப் பாக்க வர்றா. ரெண்டே வார்த்தை. கண்ணாடி முன்னாடி சொல்லிச் சொல்லிப் பாக்கறேன்."

"அவங்க எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க" என்றேன்.

"என்னை என்ன சிரில்னு நினைச்சியா? அந்தப் பாடத்தையே நான்தானே எடுக்கறேன்!" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

மறுநாள் பிலிப்பாவும் நானும் போனபோது கொட்டும் மழை. நோரீன் சோஃபாவில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. தொலைபேசி பக்கத்து மேஜையில் இருந்தது. பிலிப்பா உட்கார்ந்து, தலையைச் சாய்த்தார்.

"எப்படி இருக்கீங்க நோரீன்?"

நோரீன் வாயைத் திறந்தார். நான் பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஏதோ இருக்கேன். குறை சொல்லக் கூடாது" என்றார் நோரீன்.

சொன்னதும் அவர் கண்ணில் தெரிந்த திகிலை நான் மறக்க மாட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "என்னால..." அதற்குள் எங்கள் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டார். கை தானாக சோஃபாவின் விளிம்பைப் பற்றியது. "ஐயோ, இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்களே. ஒரு டீ..."

"எங்களுக்கு வேண்டாம் நோரீன்!" என்றேன். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்."

ஒரு வீட்டுச் சந்திப்பில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிலிப்பா திரும்பி, மூலை நாற்காலியில் ஒரு ஆள் இருப்பதை அப்போதுதான் கண்டவர் போல என்னைப் பார்த்தார். பிறகு நோரீனிடம், "எனக்கு ஒரு கப் கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

நோரீன் எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, சமையலறைக்குப் போனார். கெட்டில் உறுமத் தொடங்கியது. அதோடு சேர்ந்து நோரீன் அழுவதும் கேட்டது.

"எழுதிக்கோங்க" என்றார் பிலிப்பா.

அப்போது தொலைபேசி அடித்தது. பிலிப்பா எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நோரீன் கண்ணு, தொந்தரவு பண்றேனா?" சிரிலின் குரல் ரொம்பத் தாழ்வாக வந்தது.

"நான் பிலிப்பா பேசறேன் சிரில். எப்படி இருக்கீங்க?"

"ஓ, நீங்களாம்மா? நல்லா இருக்கேன். குறை ஒண்ணும் இல்ல. காலையிலேருந்து சும்மா தரையிலயே கொஞ்சம்... டைல்ஸ் கொஞ்சம் சில்லுனு இருக்கு, அவ்வளவுதான். அவசரம் ஒண்ணும் இல்லம்மா."

"தரையில உட்கார்றீங்களா! ரொம்ப நல்லது சிரில்" என்று தொலைபேசியை வைத்தார். "பாத்தீங்களா? போன வருஷம் அவரால குனியக்கூட முடியாது."

நான் குறிப்பேட்டை மூடினேன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சிரில் வீட்டுக்கு."

பிலிப்பாவின் தலை மெல்ல, மிக மெல்லச் சாயத் தொடங்கியது. எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். முகத்தில் அத்தனை கனிவு.

"உங்களுக்கும் அவர் மேல ரொம்ப அக்கறை, இல்லையா? ம்ம்ம். இத்தனை வருஷம் கேக்கவே இல்லையே. உங்க முழுப் பேர் என்னங்க?"

டீத் தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்ற நோரீன், "சொல்லாதே!" என்று அலறினார். "பேரைச் சொல்லாதே, ஓடிப் போயிடு!" கோப்பைகள் தட்டில் கிடுகிடுவென்று ஆடின.

சிரில் தரையில் கிடந்தார். எனக்கு அவசரம். ஆனால் ஒருவர் முகம் பார்த்துப் பெயர் கேட்கும்போது பதில் சொல்லாமல் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

சொன்னேன்.